சலவை அறையில் தேர்ந்தெடுத்த அணி

தலைநகர் கித்தோவின் பெரிய கால்பந்துக் கிளப் ஒன்றில் ஸொய்லா மிண்டா பதினேழு வருடம் துணி துவைத்தாள். ஒரு சீசனுக்கு நாற்பது ஆட்டக்காரர்கள், ஆளுக்கு வாரம் ஆறு உருப்படி. எண்ணைப் பார்க்காமலே எந்தச் சட்டை யாருடையது என்று சொல்லிவிடுவாள். யார் முழங்காலில் ரகசியமாகத் தைலம் தேய்க்கிறான், யார் முந்தின நாள் குடித்திருக்கிறான், யார் ஓடாமல் நின்றுவிட்டு வியர்வைக்குப் பதிலாகத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு வருகிறான் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். யாரும் அவளைக் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

ஒரு டிசம்பரில் கிளப் சலவை வேலையை வெளி ஆட்களிடம் விட்டது. ஸொய்லாவுக்கு ஒரு கேக்கும், எல்லோரும் கையெழுத்துப் போட்ட பந்து ஒன்றும் கொடுத்து வழியனுப்பினார்கள். கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேருக்கு அவள் பெயர் தெரியாது. பந்தில் "எங்கள் அன்புள்ள சமையற்காரிக்கு" என்று ஒருவன் எழுதியிருந்தான்.

அப்போது அவளுக்கு நாற்பத்தாறு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சோத்தா பள்ளத்தாக்கில், கரும்பு வயல்களுக்கு நடுவே இருக்கும் அவள் ஊருக்குத் திரும்பிப் போய்ச் செய்ய ஒன்றுமில்லை. வடக்கே, மூவாயிரம் மீட்டர் உயரத்தில் குளிர் வீசும் உர்க்கோபம்பா என்ற சிற்றூரின் கிளப் அந்த வருடம்தான் முதல் டிவிஷனுக்கு ஏறியிருந்தது. அங்கே ஆள் தேவை என்று கேள்விப்பட்டு பஸ் ஏறினாள்.

உர்க்கோபம்பா கிளப்பின் தலைவர் இன்ஜினியர் எஃப்ரெய்ன் புஸ்தோஸ். ரோஜாத் தோட்டங்களின் சொந்தக்காரர். அவர் பூக்கள் விமானத்தில் ரஷ்யாவுக்குப் போகும். கிளப்புக்கு மட்டும் அவர் கை நீளாது. முதல் டிவிஷனில் ஆடப் புது ஆட்கள் வேண்டும், ஆனால் யாருக்கும் விலை கொடுக்கமாட்டேன், மற்ற கிளப்புகள் கழித்துவிட்டவர்களில் பொறுக்கிக்கொள்ளுங்கள் என்று பயிற்சியாளரிடம் சொல்லிவிட்டார்.

பயிற்சியாளர் லிசாந்த்ரோ தோவபாந்தா மலைக்காரர், குட்டையானவர், பேச்சில் தேன் ஒழுகும், முகத்தில் எப்போதும் கவலை இருக்கும். அவருக்கென்று தனி அறை கிடையாது. சலவை அறையில் கொதிகலன் இருந்ததால் அங்கே சூடாக இருக்கும். எனவே அங்கேதான் உட்கார்ந்து காகிதங்களைப் புரட்டுவார். ஊர் வழக்கப்படி அவர் அவளை மரியாதையாகத் தோன்யா என்பார், அவள் அவரை வாத்தியார் என்ற பொருளில் ப்ரொஃபே என்பாள். ஜனவரி முதல் வாரத்தில் ஒரு நாள், துணி மடிக்கும் மேசையின் மேல் பட்டியலைப் பரப்பி வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டார்.

"தோன்யா ஸொய்லா, உங்க பழைய கிளப்புலேருந்து மட்டும் ஒன்பது பேரக் கழிச்சு விட்டிருக்காங்க. இதுல யாரு சட்ட ரொம்ப நாறும், சொல்லுங்க. அவன விட்டுட்டு மிச்சத்துல ஒருத்தன எடுத்துக்கறேன்."

"நாத்தத்த விடுங்க, ப்ரொஃபே. அந்தத் தடுப்பாட்டக்காரரு அயோவி பட்டியல்ல இருக்காரா?"

"ஓஸ்வால்தோ அயோவியா? முப்பத்திரெண்டு வயசு. ஆமை மாதிரி நடப்பாரு. அவர எடுத்தேன்னா இன்ஜினியர் என்னையே ரோஜாவுக்கு எருவாப் போட்டுருவாரு."

"அஞ்சு வருசம் அவரு ட்ரவுசரத் தொவச்சிருக்கேன். இடுப்புப் பக்கம் புல்கறை பட்டு ஒரு நாளும் பாத்ததில்ல. அவரு பக்கத்துல ஆடுவானே ஒரு இளவட்டம், பேப்பர்லயெல்லாம் சிங்கம்னு எழுதினாங்களே, அவன் ட்ரவுசர ரெண்டு ராத்திரி ஊற வச்சாலும் கறை போகாது."

"அவன் விழுந்து பொரண்டு தடுக்கறான்."

"ஏன் விழறான்? லேட்டா வர்றதுனால விழறான். அயோவி முன்னாடியே போயி நின்னுக்கறாரு. அவருக்கு என்னத்துக்கு ஓட்டம்?"

தோவபாந்தா அவளை நிமிர்ந்து பார்த்தார். அடுத்த நாள் அயோவியின் பழைய ஆட்டங்களின் வீடியோக்களை வரவழைத்துப் பார்த்தார். அதற்கடுத்த நாள் மறுபடி சலவை அறைக்கு வந்து, "வேற யாரு?" என்று கேட்டார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

அயோவியை அடுத்து அப்படித்தான் ஹோல்கர் கொரோசோ வந்தான். எஸ்மெரால்தாஸ் கடற்கரைக்காரன். நடுக்களத்தில் முதல் ஒரு மணி நேரம் அற்புதமாக ஆடுவான், பிறகு காணாமல் போவான். நெஞ்சில் தம் இல்லை, சோம்பேறி, இரவில் ஊர் சுற்றுகிறான் என்று பெரிய கிளப்பில் ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். ஸொய்லாவுக்குத் தெரிந்த காரணம் வேறு: அவன் வலது காலுறையின் கட்டைவிரல் பக்கம் ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் ரத்தத்தில் தோய்ந்து வரும். அவன் காலுக்குச் சேராத பூட்ஸ். முதல் நாள் கொடுத்த அளவு சின்னது. அப்போது பதினெட்டு வயதில், இன்னொரு ஜோடி கேட்டால் திமிர் பிடித்தவன் என்று நினைப்பார்களோ என்று வாயை மூடிக்கொண்டான். பிறகு அந்த அளவே அவன் பேரில் பதிவாகிவிட்டது. நான்கு வருடம் அப்படியே ஆடினான்.

"ஏன்டா சொல்லித் தொலைக்கல?" என்று தோவபாந்தா கேட்டபோது ஹோல்கர் தரையைப் பார்த்தான்.

"எல்லாரும் கேக்காம இருந்தாங்க, ப்ரொஃபே. நானும் கேக்கல."

ஓர் அளவு பெரிய பூட்ஸ் வாங்கிக் கொடுத்தார்கள். அந்த வருடம் அவன் தொண்ணூறு நிமிடமும் ஓடினான்.

எல்லாத் தடவையும் அவள் சொன்னது பலித்துவிடவில்லை. சட்டை சுத்தமாக இருந்ததை வைத்து நிதானமான ஆட்டக்காரன் என்று ஒருவனைச் சிபாரிசு செய்தாள். வந்த பிறகுதான் தெரிந்தது, அவன் பந்து இருக்கும் பக்கமே போகமாட்டான் என்று. "சில சமயம் வெள்ளைச் சட்ட வெறும் வெள்ளைச் சட்டதான்" என்று தோவபாந்தா ஒரு மாதம் அவளைக் கேலி செய்தார். ஆனால் பத்தில் ஏழு பலித்தது. அவள் கேட்பதெல்லாம் ஒரே கேள்விதான்: இவன் ஏன் மலிவாகக் கிடைக்கிறான்? மற்றவர்கள் தப்பாகப் பார்த்ததால் மலிவு என்றால் எடுத்துக்கொள்ளலாம். சரியாகப் பார்த்து மலிவாக்கியிருந்தால் தொடக்கூடாது.

முதல் வருடம் கீழிறங்குவார்கள் என்று எல்லோரும் எதிர்பார்த்த அணி ஏழாவதாக வந்தது. இரண்டாம் வருடம் நான்காவது. தலைநகரத்திலிருந்து டெலிவிஷன் வண்டி மலையேறி வந்தது. சீசன் முடிந்து தலைவர் விருந்து வைத்தார். பன்றி வறுவல், அவித்த சோளம், ரம். தோவபாந்தா இரண்டு கோப்பை உள்ளே போனதும் எழுந்து நின்று, "இந்த அணிய எடுத்தது நான் இல்ல, அதோ ஒக்காந்திருக்காங்களே அந்த அம்மா" என்று சொன்னார். எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள், நல்ல நகைச்சுவை என்று நினைத்து. புஸ்தோஸும் சிரித்தார்.

"நம்ம ஸொய்லாவ நான் மறந்துருவேனா? அவளுக்கும் ஒரு பரிசு வச்சிருக்கேன்!"

இரண்டு பேர் ரிப்பன் கட்டிய ஒரு பெரிய பொருளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். புதிய சலவை இயந்திரம். கிளப்பின் சலவை அறைக்கு.

அந்த ஜனவரியில் தோவபாந்தாவை குவயாகீலில் ஒரு கிளப் கூப்பிட்டுக்கொண்டது. புறப்படும்போது அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "போயி நிலைச்சதும் ஒங்களுக்கு ஆள் அனுப்பறேன், தோன்யா. ஒங்கள இங்க விட்டு வைக்கமாட்டேன்." ஆள் வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து வந்தது. அடுத்த வருடம் அதுவும் வரவில்லை.

அவருடைய இடத்துக்குப் புதுப் பயிற்சியாளர் ஒருவர் வந்தார். ஆனால் ஆள் எடுக்கும் வேலையைத் தலைவரின் மகன் பாவ்லோவே பார்த்துக்கொண்டான். ஸ்பெயினில் வணிகம் படித்துவிட்டு ஒரு மடிக்கணினியோடு இறங்கியிருந்தான். கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. சலவை அறைக்கு வந்து, மரியாதையாக உட்கார்ந்து, அவள் சொன்னதையெல்லாம் குறித்துக்கொண்டான். புல்கறை, காலுறை, கிழிந்த தையல், உப்புப் பூத்த காலர். ஒரு மாதம் கழித்து டெலிவிஷனில் தோன்றி, "தடுப்பாட்டக்காரர் தரையில் விழும் எண்ணிக்கை எங்கள் கணக்கு முறையின் முதல் அளவுகோல்" என்று விளக்கினான். நிகழ்ச்சி நடத்துபவர் வாயைப் பிளந்து கேட்டார். ஸொய்லா அதைக் கொதிகலன் பக்கத்தில் நின்று பார்த்தாள். மறுநாள் அவன் வந்தபோது, "என்னோட பேரச் சொல்லியிருக்கலாமே, தம்பி" என்று மட்டும் கேட்டாள்.

"ஐயோ, தோன்யா, சொன்னா சிரிப்பாங்க. ஒங்களத்தான் சிரிப்பாங்க. ஒங்க நல்லதுக்குத்தான் சொல்லல."

அந்த வருடம்தான் ஓதிலா போன் செய்தாள்.

ஓதிலா பள்ளத்தாக்கில் ஸொய்லாவின் பக்கத்து வீட்டுக்காரி. இருவரும் ஒன்றாக ஆற்றில் துணி துவைத்து, ஒன்றாகக் கரும்பு வெட்டி, ஒரே ஆளைக் காதலித்துச் சண்டை போட்டு, அந்த ஆள் இருவரையும் விட்டுவிட்டுப் போன பிறகு மறுபடி சேர்ந்துகொண்டவர்கள். அவள் மகன் அமில்கார் சலா தாக்குதல் ஆட்டக்காரன், இருபத்து நான்கு வயது. ஸொய்லா வேலையை விட்ட பிறகு அதே பெரிய கிளப்பில் சேர்ந்திருந்தான். இரண்டு வருடம் கழித்து, காரணம் எதுவும் சொல்லாமல் அவனை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

"வீட்டுல படுத்துக் கெடக்கான்டி. சாப்பிட மாட்டேங்கறான். துவரைச் சோறு ஆக்கி வச்சா தட்டத் தள்ளி விடறான். ஒன்னோட பேச்ச அங்க கேக்கறாங்களாமே. எம்புள்ளைக்கு ஒரு வழி பண்ணு."

"பண்றேன்" என்றாள் ஸொய்லா. வேறு எதுவும் கேட்கவில்லை.

அமில்காரின் ஒரு சட்டையைக்கூட அவள் துவைத்ததில்லை. அவன் ஏன் மலிவாகக் கிடைக்கிறான் என்று யோசிக்கவுமில்லை. பாவ்லோவிடம் அவன் பெயரைச் சொன்னாள். பாவ்லோ கணினியில் தட்டிப் பார்த்து, வேகம் நன்றாக இருக்கிறது, விலையும் இல்லை என்று சேர்த்துக்கொண்டான். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட அன்று அமில்கார் சலவை அறைக்கு வந்து அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான்.

"விடுடா, இடுப்பு முறிஞ்சிரும்!"

"அத்தை, மொதல் கோல் ஒங்களுக்கு. ரெண்டாவது அம்மாவுக்கு."

சொன்னபடியே போட்டான். ஜூலைக்குள் பதினொரு கோல். அயோவி பின்னால் நின்று ஆட்டத்தைப் படித்து, ஹோல்கருக்குத் தள்ளி, ஹோல்கர் இடைவெளியில் விட, அமில்கார் ஓடிப் பிடிப்பான். உர்க்கோபம்பா பட்டியலின் முதல் இடத்தில் இருந்தது. மெக்சிகோவிலிருந்து ஒரு கிளப் அவனைக் கேட்டு ஆள் அனுப்பியது.

ஆகஸ்டில், உர்க்கோபம்பாவைவிடவும் உயரமான ஒரு ஊரில் ஆடிவிட்டு வந்த மறுநாள் காலை, அமில்காரின் ட்ரவுசரின் முன்பக்கத்தில் காப்பி நிறக் கறை இருப்பதை ஸொய்லா பார்த்தாள். சேறு இல்லை. தண்ணீரில் நனைத்து விரலால் தேய்த்து முகர்ந்தாள். இருபது வருடமாக ஆட்டக்காரர்களின் துணி துவைத்தவளுக்கு அது ரத்தம் கலந்த சிறுநீர் என்று தெரிய அதிக நேரம் ஆகவில்லை.

பயிற்சி முடிந்து வந்தவனைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள்.

"எத்தன நாளா?"

அமில்கார் முதலில் சிரித்து மழுப்பினான். பிறகு உட்கார்ந்துவிட்டான்.

"ரொம்ப ஓடினா வரும், அத்தை. ரெண்டு நாள்ல நின்னுரும். கித்தோவுலயும் அப்படித்தான் இருந்துச்சு."

"அங்க டாக்டர் பாத்தாரா?"

"ரத்தம் எடுத்தாங்க. ஒண்ணும் சொல்லல. அதுக்கப்புறம்தான் போகச் சொல்லிட்டாங்க." அவள் முகம் மாறுவதைப் பார்த்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "அத்தை, யார்கிட்டயும் சொல்லாதீங்க. அம்மாகிட்ட சொல்லவே சொல்லாதீங்க. டிசம்பர்ல மெக்சிகோ. போயி அங்க நல்ல டாக்டராப் பாத்துக்கறேன். சத்தியமா."

நான்கு நாள் அவள் பேசாமல் இருந்தாள். ஐந்தாம் நாள் மறுபடி கறை வந்தது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நேராகத் தலைவரின் அறைக்குப் போனாள். புஸ்தோஸ் யாரோ ஒரு ரஷ்யனோடு போனில் பேசி முடிக்கும் வரை வாசலில் நின்றாள். பிறகு விஷயத்தைச் சொன்னாள்.

"டாக்டரக் கூப்பிட்டுப் பாக்கச் சொல்றேன்" என்றார் அவர். "நீ இத வெளிய பேசாத. பையன் பயந்துருவான்."

"அவன் கொஞ்ச நாள் ஆடாம இருந்தா..."

"ஸொய்லா. சட்டைக்குள்ள இருக்கறத டாக்டர் பாத்துக்குவாரு. சட்டைய நீ பாத்துக்க."

டாக்டர் வந்தார், ரத்தம் எடுத்தார். ஒரு வாரம் கழித்து ஸொய்லா வழியில் தலைவரைப் பார்த்துக் கேட்டபோது, சும்மா ஒரு கிருமி, மாத்திரை கொடுத்தாயிற்று என்றார். அவள் நம்பினாள். நம்ப முடிந்ததில் அவளுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதைப் பின்னால்தான் நினைத்துப் பார்த்தாள். அதற்குப் பிறகு அமில்கார் தன் ட்ரவுசரைத் தானே குளியலறையில் அலசிவிட்டுப் போட ஆரம்பித்தான். ஈரமாக வந்த துணியை அவள் எதுவும் கேட்காமல் இயந்திரத்தில் போட்டாள்.

டிசம்பரில் இறுதிப் போட்டியின் இரண்டாவது ஆட்டம் உர்க்கோபம்பாவில் நடந்தது. முதல் ஆட்டம் சமன். மலை முழுக்க ஜனம் ஏறி நின்றது. வெயில் கொளுத்தியது, காற்றோ ஐஸாக இருந்தது. நாற்பதாவது நிமிடம் அமில்கார் கோல் போட்டான். ஸொய்லா மைதானத்தின் ஓரத்தில், துண்டுகள் வைத்திருக்கும் பெட்டிப் பக்கத்தில் நின்றிருந்தாள். இடைவேளையில் அவன் உதடு சாம்பல் நிறமாக இருந்ததைப் பார்த்தாள். "வெளிய வாடா" என்றாள். தலையை ஆட்டிவிட்டு ஓடிப்போனான்.

அறுபத்தொன்றாவது நிமிடம், பந்தே இல்லாத இடத்தில், இடது விலாவுக்குக் கீழே கையை அழுத்திக்கொண்டு அவன் முழங்காலிட்டான். நடிக்கிறான் என்று எதிரணி கத்தியது. சொந்த ஜனமும் நேரம் கடத்துகிறான் என்று நினைத்துக் கைதட்டியது. அயோவிதான் முதலில் ஓடி வந்தார். அதுவரை அவர் அவ்வளவு வேகமாக ஓடி யாரும் பார்த்ததில்லை.

ஆம்புலன்ஸில் ஸொய்லா ஏறிக்கொண்டாள். கிளப்பிலிருந்து வேறு யாரும் வரவில்லை, ஆட்டம் இன்னும் முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே வெளியே வெடிச்சத்தம் கேட்டது. ஒன்றுக்குச் சைபர். உர்க்கோபம்பா சாம்பியன். தலைவரின் பூ லாரிகளில் ஆட்டக்காரர்கள் நின்றுகொண்டு ரோஜாக்களை வாரி வீசியபடி ஆஸ்பத்திரித் தெரு வழியாகவே போனார்கள். அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோகிறோம் என்று நர்ஸ் சொன்னது மேளச்சத்தத்தில் காதில் விழாமல் ஸொய்லா இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது.

சேதி கேட்டுப் பள்ளத்தாக்கிலிருந்து பஸ் பிடித்து, ஊர்வலத்தில் மாட்டி, கடைசி அரை மைல் நடந்து ஓதிலா வந்து சேர்ந்தாள். கறுப்புச் சால்வையில் ரோஜா இதழ் ஒட்டியிருந்தது. அறுவை சிகிச்சை முடிந்து ஒரு இளம் டாக்டரம்மா வெளியே வந்து இருவரையும் உட்கார வைத்தாள்.

"உயிருக்கு ஆபத்தில்ல. மண்ணீரல எடுக்க வேண்டியதாப் போச்சு. சிறுநீரகமும் அடி வாங்கியிருக்கு. இனிமே இவரு வெளையாட முடியாது."

"என்ன வியாதி?" என்றாள் ஓதிலா.

"வியாதின்னுகூடச் சொல்ல முடியாது. ரத்தத்துல பொறவியிலயே இருக்கறது. ஒங்க பள்ளத்தாக்குல நெறையப் பேருக்கு உண்டு, பாதிப் பேருக்குத் தெரியவே தெரியாது, ஒண்ணும் பண்ணாது. ஆனா இந்த ஒசரத்துல, இந்த ஓட்டம் ஓடினா, ரத்த அணு வளைஞ்சு போயி அடைச்சிக்கும். ஒரு எச்சரிக்கை இருந்திருந்தா போதும்." கையில் இருந்த காகிதத்தைப் புரட்டினாள். "எனக்குப் புரியாதது இதுதான். கிளப்லேருந்து அனுப்பின ஃபைல்லயே செப்டம்பர் மாசப் பரிசோதனை இருக்கு. தெளிவா எழுதியிருக்காங்க. ஒங்ககிட்ட யாரும் சொல்லலியா?"

டாக்டரம்மா போன பிறகு ஓதிலா சால்வையில் ஒட்டியிருந்த இதழைப் பிய்த்துப் போட்டாள்.

"ஒனக்குத் தெரியுமா, ஸொய்லா?"

பொய் சொல்லியிருக்கலாம். காகிதத்தைப் பற்றி அவளுக்குத் தெரியாது என்பது உண்மைதான்.

"காயிதம் தெரியாது. ரத்தம் தெரியும். ஆகஸ்ட்லேருந்து."

"ஆகஸ்ட்லேருந்து." ஓதிலா தலையாட்டினாள். "ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம எனக்குப் போன் பண்ணுவியே. கோழி முட்ட போட்டுச்சான்னு கேப்ப. மழ பெஞ்சுதான்னு கேப்ப."

"ஓதிலா..."

"போ. போயி சட்டையெல்லாம் தொவ. நாளைக்குப் போட்டோ எடுப்பாங்க."

விஷயம் வெளியே கசிந்தது. கசியவிட்டது ஸொய்லாதான். ஒரு ரேடியோக்காரரிடம் பரிசோதனைக் காகிதத்தைப் பற்றிச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கோப்ப ஜெயிச்ச ஊருல இத நான் பேசினா ஸ்டேஷன் கண்ணாடியெல்லாம் ஒடைச்சிருவாங்க, தோன்யா" என்றார். ஆனாலும் தலைவரைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டார். புஸ்தோஸ் ரேடியோவில் வருத்தமான குரலில் பதில் சொன்னார். அந்தப் பையன் எங்கள் கணக்கு முறைப்படி வந்தவன் இல்லை, எங்கள் சலவைக்காரப் பெண்மணி தன் ஊர்ப் பாசத்தில் சிபாரிசு செய்தவன், நல்ல மனதோடுதான் செய்தாள், அவளை யாரும் குறை சொல்லக்கூடாது, அவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்றார். மூன்று வருடத்தில் அவள் ஆள் எடுத்தாள் என்று அவர் வாயால் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

சந்தையில் காய்கறிக்காரி அவளுக்கு உருளைக்கிழங்கு நிறுக்கும்போது, "எங்க கோப்பையப் பழிச்சுப் பேசினியாமே?" என்றாள். சலவை அறைக் கதவில் யாரோ அசிங்கமாக எழுதினார்கள். அதையும் அவள்தான் கழுவினாள். ஹோல்கர் மட்டும் ஒரு நாள் வந்து, அவளோடு சேர்ந்து துணி மடித்துவிட்டுப் போனான். அடுத்த மாதம் அவனை அர்ஜென்டினாவுக்கு விற்றுவிட்டார்கள். அயோவி ஓய்வு பெற்றார். பாவ்லோவை சிலியில் ஒரு பெரிய கிளப் கூப்பிட்டுக்கொண்டது. குறைந்த செலவில் கோப்பை வெல்வது எப்படி என்று மேடைகளில் பேசுவதாகவும் கேள்விப்பட்டாள்.

ஸொய்லா மட்டும் விட்டுவிட்டுப் போகவில்லை. ஐம்பது வயது. கை மூட்டெல்லாம் வீங்கியிருந்தது. வேறு யார் வேலை கொடுப்பார்கள்? மாதம் ஒரு முறை பள்ளத்தாக்குக்குப் போவாள். நெடுஞ்சாலை ஓரத்தில் அமில்கார் ஒரு கொட்டகை போட்டுப் பழம் விற்றான். அவளைக் கண்டால் எழுந்து நிற்பான், அத்தை என்று கூப்பிடுவான், நாற்காலியைத் துடைத்துப் போடுவான். தப்பெல்லாம் தன்னுடையதுதான், தானே வாயை மூடச் சொன்னதுதான் என்பான். அதைக் கேட்கத்தான் அவளால் முடியாது. ஓதிலாவின் வீட்டுக் கதவு அவளுக்குத் திறக்கவில்லை. இரண்டாம் முறையிலிருந்து அவள் தட்டுவதும் இல்லை. கொட்டகையில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவாள்.

அடுத்த சீசன் அணி சரிந்தது. பாதியில் மூன்றாவது பயிற்சியாளர் வந்தார், மச்சாலாக்காரர், நேர்மையான மனிதர். பழைய கதை எப்படியோ அவர் காதுக்கு எட்டியிருந்தது. ஜூன் மாதம் ஒரு நாள் சலவை அறைக்கு வந்து தொப்பியைக் கழற்றினார்.

"தோன்யா, ஓரத்துல ஆடற விங்கர் பையன், பாதியான்னு ஒருத்தன் இருக்கானே, அவன அனுப்பிரலாம்னு இருக்கேன். பந்த எடுத்துக்கிட்டுப் போறான், போற வழியில விழுந்துடறான். ஒவ்வொரு தடவையும் விழுந்துடறான். ஒங்களுக்கு ஏதாவது தோணுதா?"

அவள் மடியில் அப்போது பாதியானின் சட்டைதான் இருந்தது. இடது தோள் தையல் பிரிந்திருந்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் அதே இடம்தான் பிரிந்து வரும். பின்னாலிருந்து பிடித்து இழுத்தால்தான் அப்படிப் பிரியும். தாண்டிப் போய்விட்டவனைத்தான் பின்னாலிருந்து இழுப்பார்கள். நடுவர்கள் பார்க்கவில்லை, அவனும் கை நீட்டிக் கத்தத் தெரியாதவன். அவனை வலது பக்கம் மாற்றி, நடுவரின் கண்ணில் படும்படி ஓடவிட்டால் ஆட்டத்துக்கு இரண்டு பெனால்டி கிடைக்கும். இதையெல்லாம் அவள் ஊசியில் நூல் கோக்கும் நேரத்தில் நினைத்து முடித்தாள்.

இதற்குமேல் ஒருவனைப் பற்றியும் வாயைத் திறக்கப் போவதில்லை என்று அவள் முன்பே முடிவு செய்திருந்தாள்.

"எனக்குத் தொவைக்கத்தான் தெரியும், ப்ரொஃபே."

அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார். வார முடிவில் பாதியானின் அலமாரி காலியாக இருந்தது. நவம்பரில் உர்க்கோபம்பா இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது.

மறுவருடம் பள்ளத்தாக்குக்குப் போகும் பஸ்ஸில் டிக்கெட் போட வந்த கண்டக்டர் அவளைப் பார்த்து நின்றுவிட்டான். பாதியான். கொஞ்சம் உடம்பு வைத்திருந்தான்.

"தோன்யா ஸொய்லா! காச உள்ள வைங்க. எத்தன தடவ எஞ்சட்டயத் தச்சுக் குடுத்திருக்கீங்க!"

"எப்படிடா இருக்க?"

"பொண்ணு பொறந்திருக்கு. வண்டி மாமனாரோடது." அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். "காலையில எந்திரிச்சு ஓடிக்கிட்டுத்தான் இருக்கேன். யாராவது கூப்பிட்டா போலாம்னு. இருபத்தேழு ஆயிருச்சு. இனிமே யாரு கூப்பிடுவா?"

ஸொய்லா அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ நல்லா ஆடுவ. ஒன்னப் புடிச்சு இழுத்துத்தான் விழ வச்சாங்க. எனக்குத் தெரியும்."

பாதியான் வாய்விட்டுச் சிரித்தான்.

"அத அப்பவே யார்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா, தோன்யா!" என்று சொல்லிவிட்டு, வேடிக்கையாக அவள் தோளைத் தட்டிவிட்டு, அடுத்த வரிசையில் டிக்கெட் போடப் போனான்.